பேரனின் காரும் ஃபார்கோவின் சுக்கானும்

போன ஆகஸ்டில் மகள் குடும்பத்தோடு பிரான்ஸிலிருந்து வந்திருந்தாள். பதினான்கு வயதுப் பேரன் தன் பெட்டியில் துணிமணியைவிடப் பத்திரமாக ஒரு காரைச் சுற்றி எடுத்து வந்தான். நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவு, ரிமோட்டில் ஓடுவது. நல்ல பொம்மையாக இருக்கிறதே என்றேன். முகம் சுருங்கிவிட்டது. அது பொம்மை இல்லையாம், பந்தயக் கார். அவன் ஊரில் இதற்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. பள்ளி திறந்ததும் செப்டம்பர் கடைசியில் அவனுக்கு முதல் பந்தயம். ஒரு வருடக் கைச்செலவுப் பணத்தைச் சேர்த்து வாங்கியிருக்கிறான்.

அந்தக் காரை நான்தான் கெடுத்தேன். அதைச் சொல்லிவிட்டே மற்றதைச் சொல்ல வேண்டும்.

காரைக் கையில் வாங்கி, முன்சக்கரத்தை விரலால் தள்ளிப் பார்த்தேன். கொஞ்சம் அழுத்தினால் சக்கரம் ஒதுங்கிக் கொடுத்தது, விட்டதும் பழைய இடத்துக்கு வந்தது. "என்னடா இது, ஸ்டியரிங் இவ்வளவு ஆடுது?" என்றேன். சக்கரத்தைத் திருப்பும் சின்ன மோட்டார் பெட்டிக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் துண்டு இருந்தது. அதற்குள் வளைந்த ஸ்பிரிங். "அது சோவ்-செர்வோ, தாத்தா" என்றான். செர்வோவைக் காப்பாற்றுவது என்று அர்த்தம். பெரிய பையன்கள் சிலர் அதைக் கழற்றிவிட்டு நேரே அலுமினியக் கை போட்டு ஓட்டுகிறார்கள் என்றும் சொன்னான். அவன் டப்பாவில் அப்படி ஒரு கை சும்மா கிடந்தது.

முப்பத்தைந்து வருடம் அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டியவனுக்கு, உத்தரவுக்கும் வேலைக்கும் நடுவே ஆட்டம் இருந்தால் பிடிக்காது. "கெட்டியானதையே போட்டுடு" என்றேன். போட்டான். தெருக்கோடியில் இருக்கும் சிமென்ட் பேட்மிண்டன் தரையில் பத்து நிமிடம் அந்தக் கார் ஓடிய ஓட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். நூல் பிடித்தாற்போல் திரும்பியது. பதினோராவது நிமிடம் ஓரத்துக் கட்டைச் சுவரில் முன்சக்கரம் இடித்தது. பெரிய இடி ஒன்றும் இல்லை. ஆனால் அதன்பிறகு கைப்பிடியைத் திருப்பினால் கர்ரென்று சத்தம் மட்டும் வந்தது, சக்கரம் அசையவில்லை. பிரித்துப் பார்த்தபோது உள்ளே ஒரு பல்சக்கரத்தில் மூன்று பல்லைக் காணோம்.

பையன் அழவில்லை. "பரவாயில்ல தாத்தா" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னான். அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அன்று இரவு தூக்கம் வராமல், அந்தப் பெட்டியின் மேல் எழுதியிருந்த 'செர்வோ' என்ற சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கோ படித்த சொல்.

பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். எங்கள் பிரெஞ்சு இலக்கண முசே வைக்கும் கண்ணிகளில் ஒன்று அது. 'செர்விர்' என்றால் பணி செய்தல். நான் பணி செய்கிறேன் என்பதற்கு 'ழெ சேர்'. அதிலிருந்து பிறந்த 'அசெர்விர்' என்றால் அடிமைப்படுத்துதல். நான் அடிமைப்படுத்துகிறேன் என்பதற்கு என்ன? 'ழ'அசேர்' என்று யாராவது ஒருவன் எழுந்து சொல்வான். மாட்டிக்கொள்வான். ஏனென்றால் தாய் மூன்றாம் பிரிவு வினை, பிள்ளை இரண்டாம் பிரிவு. 'ழ'அசெர்வி', 'நூஸ் அசெர்விஸ்ஸோன்' என்று இழுக்க வேண்டும். பணி செய்பவன் ஒரு மாதிரியும் அடிமைப்படுத்துகிறவன் வேறு மாதிரியும் போவான் என்று முசே சொல்லிச் சிரிப்பார். எங்களுக்கு அப்போது சிரிப்பு வராது, பிரம்பு ஞாபகம்தான் வரும்.

இந்தச் சொல்லை இயந்திரத்துக்கு வைத்தவர் ஜோசப் ஃபார்கோ என்ற பிரெஞ்சுப் பொறியாளர். பாரிஸை ஒட்டிய சேன்-துவேனில் அவர் குடும்பத்துக்கு நீராவி இயந்திரத் தொழிற்சாலை இருந்தது. 1873-ல் 'லெ செர்வோ-மொத்தேர் ஊ மொத்தேர் அசெர்வி' என்று ஒரு புத்தகமே போட்டார். செர்வோ மோட்டார், அதாவது அடிமைப்படுத்தப்பட்ட மோட்டார் என்பது தலைப்பின் பொருள். இதில் எனக்கு ஒரு வெட்கம் உண்டு. மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது சேன்-துவேனில் இருக்கும் பழைய சாமான் சந்தைக்கு இரண்டு தடவை போய், விளக்கு ஒன்று பேரம் பேசி வாங்கி வந்திருக்கிறேன். ஃபார்கோ என்று ஒருவர் அந்த ஊரில் இருந்தார் என்பதே அப்போது தெரியாது.

அவருக்கு என்ன பிரச்சினை? கப்பல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை கப்பலின் சுக்கானை மனிதக் கையாலேயே திருப்பிக்கொண்டிருந்தார்கள். கப்பல் மரத்திலிருந்து இரும்புக்கு மாறி, நீளமும் எடையும் கூடக் கூட, சக்கரத்தைப் பிடித்துத் திருப்ப ஒருவர் இருவர் போதவில்லை. கொந்தளிப்பில் ஒரு கூட்டமே வேண்டும். நீராவி இயந்திரத்தின் பலத்தை வைத்துச் சுக்கானைத் திருப்பினால் என்ன என்று பலருக்கும் தோன்றியது. பலம் கிடைத்துவிடும். ஆனால் நீராவி இயந்திரத்துக்கு ஓடத் தெரியும், நிற்கத் தெரியும். பத்து டிகிரி மட்டும் திரும்பி அங்கேயே இரு என்றால் அதற்குப் புரியாது.

இதற்கு முதலில் நல்ல வழி கண்டவர் பிரிட்டனின் ஜான் மெக்ஃபார்லேன் கிரே. கிரேட் ஈஸ்டர்ன் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். 1858-ல் நீரில் இறங்கியது, 211 மீட்டர் நீளம், அந்தக் காலத்தில் அதற்கு இணையான கப்பல் உலகில் கிடையாது. 1861 செப்டம்பரில் அட்லாண்டிக் புயலில் சிக்கி, துடுப்புச் சக்கரங்களும் போய், சுக்கானும் ஒடிந்து, நடுக்கடலில் கட்டை மாதிரி மிதந்தது. அந்தக் கப்பலில்தான் 1867-ல் கிரேயின் நீராவிச் சுக்கான் இயந்திரத்தைப் பொருத்தினார்கள். ஆக, கருவி பிரிட்டனில் முந்தி வந்தது, பெயர் பிரான்ஸில் பிறந்தது. பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பதற்காக இதை மறைக்க மாட்டேன்.

இரண்டு பேரும் செய்த தந்திரம் ஒன்றே. எங்கள் அலுவலகத்தை வைத்துச் சொன்னால் உங்களில் பலருக்குச் சட்டென்று விளங்கும். மேலிடத்திலிருந்து உத்தரவு வருகிறது. கீழே வேலை நடக்கிறது. எவ்வளவு நடந்தது என்று அறிக்கை மேலே போகிறது. உத்தரவுக்கும் அறிக்கைக்கும் வித்தியாசம் இருக்கிற வரைக்கும் நினைவூட்டல் கடிதம் வந்துகொண்டே இருக்கும். இரண்டும் ஒன்றானால் கோப்பை மூடிவிடுவார்கள். அதேபோல் மாலுமி சக்கரத்தைத் திருப்பினால் நீராவிக் குழாய் திறக்கும், சுக்கான் திரும்பத் தொடங்கும். சுக்கான் திரும்பத் திரும்ப, அந்த அசைவே ஒரு தண்டின் வழியாக வந்து நீராவிக் குழாயை மூடும். மாலுமி கேட்ட கோணத்தில் சுக்கான் வந்து நிற்கும்போது குழாய் முழுக்க மூடியிருக்கும். அலை சுக்கானைத் தள்ளி இடம் மாற்றினால் குழாய் தானாகவே திறந்து, இயந்திரம் அதை மறுபடி பழைய இடத்துக்குக் கொண்டுவரும். யாரும் சொல்ல வேண்டியதில்லை. அடிமை என்று ஃபார்கோ பெயர் வைத்தது இதனால்தான். எஜமானின் கை எங்கே இருக்கிறதோ அங்கேயே தன் கையை வைத்திருப்பது அதன் ஒரே வேலை.

பேரனின் காரில் இருந்த தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய டப்பாவுக்குள்ளும் இதேதான். உள்ளே ஒரு குட்டி மின்மோட்டார். அது வேகமாகச் சுற்றுவதை மெதுவாக, பலமாக மாற்ற நான்கைந்து பல்சக்கரங்கள். கடைசிச் சக்கரத்தின் அச்சோடு ஒட்டி, தான் இப்போது எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று சொல்ல ஒரு பொட்டென்ஷியோமீட்டர். பயந்துவிடாதீர்கள், பழைய வால்வு ரேடியோவில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்குப் பின்னால் இருக்குமே, அதே சாமான்தான். உத்தரவையும் கோணத்தையும் ஒப்பிட ஒரு சின்ன மின்பலகை. அவ்வளவே. நூற்றைம்பது வருடம் கழித்தும் கோப்பு அதே வழியில்தான் போகிறது.

சுவரில் இடித்தபோது என்ன நடந்தது என்பது அந்த இரவில்தான் எனக்கு உறைத்தது. சுவர் சக்கரத்தை ஒரு பக்கம் தள்ளுகிறது. அடிமை அதை ஒப்புக்கொள்ளாது. எஜமான் நேரே என்றிருக்கிறார், நான் நேரே நிற்பேன் என்று முழு பலத்தோடு எதிர்த்துத் தள்ளும். அதோடு, பல்சக்கர வரிசையை மோட்டார் பக்கமிருந்து சுற்றுவது சுலபம், சக்கரத்தின் பக்கமிருந்து சுற்றுவது மகா கடினம். கண்ணிமைக்கும் நேரத்தில் வருகிற இடிக்கு ஒதுங்கிக்கொடுக்க அதற்கு வழியே இல்லை. விசுவாசம்தான் பல்லை உடைத்தது. நடுவில் ஒதுங்கிக்கொடுப்பதற்கென்று ஒருவர் வைத்த ஸ்பிரிங்கை நான் கழற்றச் சொல்லியிருந்தேன்.

இந்த ஸ்பிரிங்கும் கப்பலில் ஏற்கெனவே இருந்தது என்பது பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. நீராவி இயந்திரம் சுக்கானை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும்போது பெரிய அலை பக்கவாட்டில் அறைந்தால், அந்த அடி நேரே இயந்திரத்தின் பற்களில் இறங்கும். அதனால் இயந்திரம் திருப்புகிற பெரிய கால்வட்டப் பல்சக்கரத்தையும், சுக்கானின் தலையில் இருக்கும் கட்டையையும் ஒன்றாகப் பிணைக்காமல், இரண்டுக்கும் இடையே கனத்த ஸ்பிரிங்குகளை வைத்தார்கள். சாதாரணமாகத் திருப்பும்போது ஸ்பிரிங் அமுங்காது, கெட்டியான இரும்பு மாதிரியே நிற்கும். அலை அறையும்போது மட்டும் கொஞ்சம் அமுங்கி, அடியை வாங்கி, மறுபடி நிமிரும். 1912-ல் மூழ்கிய டைட்டானிக்கிலும் இந்த ஏற்பாடு இருந்தது. அது மூழ்கியதற்கும் ஸ்பிரிங்குக்கும் சம்பந்தம் இல்லை.

(எங்கள் பிரிவில் ஒரு கண்காணிப்பாளர் இருந்தார். மேலதிகாரி கத்துவதெல்லாம் அவர் மேசைவரை வரும். அவர் எங்களிடம் வந்து, "தம்பி, அந்தத் தாளைக் கொஞ்சம் சீக்கிரம் பார்த்துடு" என்பார். அவ்வளவுதான் எங்களுக்கு வரும். அவர் ஓய்வு பெற்ற ஆறு மாதத்தில் எங்களில் இரண்டு பேர் மருத்துவ விடுப்பில் போனோம். அவரை அன்று நாங்கள் தளர்வான மனிதர் என்றுதான் நினைத்தோம்.)

கப்பலிலிருந்து கார் வரை வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கம்பி இல்லாமல் தூரத்திலிருந்து ஒரு படகைத் திருப்பிக்காட்டியவர் நிகோலா டெஸ்லா. 1898-ல் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஒரு தொட்டித் தண்ணீரில் காட்டினார். ஸ்பெயின்காரர் லெயோனார்தோ தோரெஸ் கெவேதோ, 'டெலிகினோ' என்ற தன் கருவியை 1903-ல் பாரிஸ் அறிவியல் அகாதெமியின் முன் வைத்தார். 1906-ல் பில்பாவோவில் ஸ்பெயின் மன்னர் முன்னிலையில் கரையிலிருந்தே படகை ஓட்டிக்காட்டினார்.

பொழுதுபோக்குக்காரர்கள் கைக்கு இது வந்தது 1930களின் பிற்பகுதியில், மாதிரி விமானங்களோடு. அப்போது செர்வோவெல்லாம் கிடையாது. முறுக்கிய ரப்பர் நாடா ஒன்று இருக்கும். ரேடியோவில் ஒரு தட்டுத் தட்டினால் ஒரு கொக்கி விட்டுக்கொடுக்கும், நாடா கால் சுற்றுச் சுற்றிச் சுக்கானை வலது பக்கம் தள்ளும். இன்னொரு முறைக்கு இடது. நடுவில் எதுவும் கிடையாது. முழு வலது, நேர், முழு இடது. எத்தனை தட்டுத் தட்டினோம் என்று மறந்தால் விமானம் மரத்தில் இருக்கும். 1960களின் தொடக்கத்தில்தான் அமெரிக்காவில் கை அசைத்த அளவுக்கே சுக்கானும் அசைகிற ரேடியோ வந்தது. ஒரு துடிப்பின் நீளத்தையே உத்தரவாக்கினார்கள். நொடியில் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு நேரம் துடித்தால் நேரே நில். ஒரு பங்கானால் ஒரு ஓரம், இரண்டு பங்கானால் மறு ஓரம். நடுவில் எவ்வளவோ அவ்வளவு. இப்படி நொடிக்கு ஏறக்குறைய 50 தடவை உத்தரவு போய்க்கொண்டே இருக்கும். சாதாரணச் செர்வோக்கள் இன்றும் இந்தக் கணக்கிலேயே ஓடுகின்றன.

கார் இதற்குப் பிறகு வந்தது. கடையில் விற்பனைக்கு வந்த முதல் ரேடியோ கார்களில் ஒன்று இத்தாலியின் ரெஜ்ஜோ எமிலியா ஊரிலிருந்து 1966-ல் வந்த ஃபெராரி 250 எல்.எம்., பன்னிரண்டில் ஒரு பங்கு அளவு. 1976-ல் ஜப்பானின் டாமியா நிறுவனம் அதே அளவில் போர்ஷே 934-ஐ வெளியிட்ட பிறகு வீட்டுக்கு வீடு பரவியது. அங்கேதான் செர்வோவுக்குக் கெட்ட காலம் தொடங்கியது என்பேன். விமானத்தில் காற்றுதான் எதிரி, அது மெத்தென்று தள்ளும். காருக்குச் சுவர் உண்டு, கல் உண்டு, பக்கத்தில் வருகிற இன்னொரு கார் உண்டு. கப்பல்காரர்கள் கண்டுபிடித்த ஸ்பிரிங் மறுபடி தேவைப்பட்டது. இம்முறை சுண்டுவிரல் நகம் அளவில். காரைப் பிரித்து விற்கிற பெட்டிகளில் அந்தப் பிளாஸ்டிக் துண்டு கூடவே வருவது அதனால்தான்.

இனி எங்கள் கதை. உடைந்ததற்கு மாற்று இங்கே கடையில் கிடைக்கவில்லை. அவசரத்தில் இணையத்தில் ஒன்று வரவழைத்தோம். வந்தது, அச்சில் கை ஏறவில்லை. பூதக்கண்ணாடி வைத்து இரண்டு பேரும் எண்ணினோம். அவன் கையில் 25 பல், வந்த செர்வோவின் அச்சில் 24 பல். கம்பெனிக்குக் கம்பெனி இது வேறு. 25, 24, 23 என்று மூன்று கணக்கு ஓடுகிறது. கொஞ்சம் அழுத்தி ஏற்றிவிடலாம் என்று தோன்றும், ஏறவும் ஏறும். அரை நாளில் பல் மழுங்கிச் சுற்றத் தொடங்கும். திருப்பி அனுப்பினோம். இந்தத் தடவை அவசரப்படாமல் இரண்டு நாள் உட்கார்ந்து படித்தோம். அவன் பிரெஞ்சில் படித்துச் சொல்ல, நான் நோட்டில் தமிழில் எழுத, மகள் "இந்த வயசுல உங்களுக்கு இது தேவையாப்பா?" என்று காப்பி வைத்துவிட்டுப் போவாள்.

செர்வோவுக்கு இரண்டு எண்கள் போடுவார்கள். முதலாவது பலம், கிலோ-சென்டிமீட்டரில். அச்சிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி எத்தனை கிலோவைத் தாங்கிப் பிடிக்கும் என்பது. இரண்டாவது வேகம், 60 டிகிரி திரும்ப எத்தனை நொடி என்பது. பல வருடமாக எல்லோர் காரிலும் இருந்த ஃபுட்டாபா எஸ் 3003 என்ற எளிய செர்வோவை எடுத்துக்கொண்டால், 6 வோல்ட்டில் 4.1 கிலோ, 0.19 நொடி. கேட்பதற்கு 0.19 நொடி ஒன்றுமே இல்லை. ஆனால் கார் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நொடிக்கு 10 மீட்டர். செர்வோ 60 டிகிரி திரும்பி முடிக்கும் முன் கார் ஏறக்குறைய 2 மீட்டர் போய்விடும். 0.08 நொடிச் செர்வோவானால் 80 சென்டிமீட்டர். தார்ச்சாலைப் பந்தயக்காரர்கள் வேகத்துக்கு அலைவது இதனால். மண்ணிலும் பாறையிலும் ஓட்டுகிறவர்களுக்குப் பெரிய டயரைத் திருப்ப வேண்டும். அவர்கள் வேகத்தை விட்டுவிட்டு 20 கிலோவுக்கு மேல் பலம் தேடுகிறார்கள். ஒரே மோட்டாரில் இரண்டையும் கேட்டால் கிடைக்காது. பல்சக்கரக் கணக்கை மாற்றினால் ஒன்று கூட, மற்றது குறையும். இரண்டும் வேண்டுமென்றால் நல்ல மோட்டார், கூடுதல் மின்சாரம், கூடுதல் காசு.

மின்சாரம் என்றதும் ஒன்று. எண்களைப் பார்க்கும்போது எத்தனை வோல்ட்டில் என்பதைப் பார்க்காவிட்டால் ஏமாந்துபோவோம். பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் எண் பெரும்பாலும் 7.4 வோல்ட்டுக்கு உரியது. பேரன் காரில் செர்வோவுக்கு வருவது 6 வோல்ட். 6 வோல்ட்டுக்கான பழைய செர்வோவுக்கு 7.4 கொடுத்தால் புகை வரும். அதேபோல் பலமான செர்வோ எங்காவது முட்டி நின்று தள்ளும்போது சில ஆம்பியர் இழுக்கும். காரின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிதான் அதற்கும் மின்சாரம் கொடுக்கிறது. அது தாங்காவிட்டால் வோல்ட் சரிந்து, ரிசீவர் ஒரு கணம் கண்ணை மூடிக்கொள்ளும். ஓட்டுகிறவன் ரேடியோவைத் திட்டுவான்.

பல்சக்கரம் நைலானா உலோகமா என்பதில் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். நைலான் பல் ஒரு அடியில் போகும், ஆனால் விலை மலிவு, சக்கரங்களை மட்டும் மாற்றலாம். உலோகப் பல் தாங்கும், ஆனால் தேய்ந்து ஆட்டம் காட்டும், அடியையும் அப்படியே அடுத்ததற்குக் கடத்தும். சுவர் நிறைய இருக்கிற இடத்தில் ஓட்டப்போகிறவனுக்கு உலோகம் என்று முடிவு செய்தோம். ஸ்பிரிங்கும் கூட இருக்க வேண்டும் என்பதில் வாக்குவாதமே இல்லை.

அந்த ஸ்பிரிங் எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்பதுதான் நான் முதல் நாள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. தளர்ந்திருந்தால் வளைவில் சக்கரம் சொன்ன இடத்துக்கு வராது, பெரிய பையன்கள் கழற்றிப் போடுவது அந்த எரிச்சலில்தான். விலை உயர்ந்த செர்வோவும், சுவர் இல்லாத தளமும், தேர்ந்த கையும் இருந்தால் அவர்களுக்கு அது ஓடும். மற்றவர்களுக்கு ஒரு சோதனை இருக்கிறது. காரைத் தரையில் நிறுத்தி, ஓட்டாமல், சக்கரத்தை இரு ஓரத்துக்கும் முழுக்கத் திருப்ப வேண்டும். தரை இறுகப் பிடிக்கும் அந்த நிலையிலும் ஸ்பிரிங் திறக்காமல் சக்கரம் திரும்ப வேண்டும். கையால் பலமாகத் தள்ளினால் மட்டும் திறக்க வேண்டும். பேரன் காரோடு வந்த பிளாஸ்டிக் துண்டு இந்தச் சோதனையில் தோற்றது. ஆக, ஆட்டம் அதிகம் என்று நான் சொன்னது முழுத் தப்பில்லை. அதற்குச் செய்யச் சொன்ன வைத்தியம்தான் தப்பு. இன்னும் கெட்டியான ஸ்பிரிங் உள்ள ஒன்றைச் செர்வோவோடு சேர்த்து வரவழைத்தோம்.

மாட்டுகிற வேலையிலும் ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் ரேடியோவைப் போட்டு, செர்வோவை நடுவில் நிற்கவிட்டு, பிறகுதான் ஹார்னை மாட்ட வேண்டும். ஹார்ன் என்றால் பாம் பாம் இல்லை, அச்சில் ஏறும் அந்தக் கைதான். நாங்கள் முதல் நாள் அணைத்து வைத்தே மாட்டியிருந்தோம். அடுத்து, சக்கரம் ஓரத்தில் முட்டிய பிறகும் செர்வோ தள்ளிக்கொண்டிருந்தால் ம்ம்ம் என்று முனகும். கேட்பதற்குச் சாதுவாக இருக்கும், உள்ளே மோட்டார் வெந்துகொண்டிருக்கும். ரிமோட்டில் இரண்டு ஓரத்துக்கும் எல்லை வைத்து அந்த முனகலை நிறுத்த வேண்டும். இதற்கு என் காது போதவில்லை, அவன்தான் கேட்டுச் சொன்னான். டப்பாவைப் பொருத்தும் திருகாணியை அளவுக்கு மேல் நீளமாகப் போட்டால் அது உள்ளே போய் எதையாவது குத்தும். ஈரத்தில் ஓட்டினால் அன்றே துடைத்து உலர வைக்க வேண்டும். எங்கள் உப்புக்காற்றில் இரண்டு வாரத்திலேயே திருகாணித் தலையில் துரு பூத்துவிட்டது.

சாமான் வந்து சேர்ந்தது அவர்கள் புறப்பட நான்கு நாள் இருக்கும்போது. மாட்டி முடித்து அதே பேட்மிண்டன் தரைக்குப் போனோம். இந்தத் தடவை கைப்பிடியை என்னிடம் கொடுத்தான். வேண்டாம் என்றேன். "சும்மா ஓட்டுங்க தாத்தா" என்றான். மூன்றாவது சுற்றில், அதே கட்டைச் சுவரில், முன்பைவிடப் பலமாகவே இடித்தேன். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. டொக்கென்று ஒரு சத்தம், சக்கரம் ஒரு கணம் கோணலாகப் போய், நிமிர்ந்து, கார் திரும்பிக்கொண்டு ஓடியது. அவன் ஓடிப்போய் எடுத்து, காதோடு வைத்துச் சக்கரத்தைத் திருப்பிக் கேட்டான். கர்ர் இல்லை.

செப்டம்பர் கடைசியில் பந்தயம் நடந்தது. கடைசிக்கு இரண்டு இடம் முன்னால் வந்தானாம். நான்கு தடவை ஓரத்தில் இடித்ததாக மகள் சொன்னாள், இரண்டு என்று அவன் சொல்கிறான். செர்வோ ஓடுகிறது. அடுத்த முறை நான் போகும்போது ஃபார்கோவின் தொழிற்சாலை இருந்த இடத்தைத் தேடிப் பார்க்க சேன்-துவேனுக்கு அழைத்துப் போகச் சொல்லியிருக்கிறேன். அவனுக்கு அங்கே பழைய சாமான் சந்தை மட்டும்தான் தெரியும்.